அரை நிமிஷத்தில் அடங்காத அண்ணன்

ஸ்ரீதேவி போனை எடுக்கவில்லை. போன வார இதழில் கதையை நிறுத்தியபோது அவளை அங்கேதான் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இந்த ஏழு நாளும் நீங்கள் அவளைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். திட்டுங்கள், ஆனால் கொஞ்சம் மெதுவாக. அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகிற பெண்.

எடுக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவன் அவள் அண்ணன் கணேஷ்குமார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கிறவன். கடையில் போன் இல்லை. வீட்டு போனுக்கு வருகிற ஆர்டர் தவறிப்போகிறதே என்று பெங்களூர் போய் ஓர் ஆன்சரிங் மெஷின் வாங்கி வந்தான். யாரும் இல்லாதபோது பேசட்டும் என்று வாங்கியது. ஒரு மாதத்தில், எல்லோரும் இருந்தாலும் அதுவே பேசுகிறது என்று ஆகிவிட்டது.

மணி அடிக்கும். கணேஷ்குமாரின் குரல் முதலில் இங்கிலீஷிலும் பிறகு கன்னடத்திலும் கொஞ்சம் மூக்கை அடைத்துக்கொண்டு வணக்கம் சொல்லும். அப்புறம் ஒரு ‘பீப்’. அதன் பிறகு அரை நிமிஷம் நம்முடையது. வீட்டார் பக்கத்தில் நின்று, யார், என்ன சங்கதி என்று கேட்டுக்கொண்டு, மனசிருந்தால் எடுப்பார்கள்.

அம்மா சாமியாத்தாளுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "வாசல்ல வந்து நிக்கறவங்ககிட்ட இப்பிடிப் பண்ண முடியுங்களா?" என்று என்னிடமே கேட்டாள். முடிந்தது. இப்போதெல்லாம் எதிர்வீட்டு மாதம்மா கறிவேப்பிலைக்காக கேட்டில் நின்று கூப்பிட்டாலும், ஜன்னல் திரை ஒருதரம் விலகி மூடிய பிறகுதான் பதில் வருகிறது.

எங்கள் கிராஸ் என்கிற குறுக்குத் தெருவுக்கு இதில் ஒரு லாபம். மெஷினை வைத்திருப்பது தெரு ஜன்னலோரம். வருகிற பேச்சு அத்தனையும் அதன் ஸ்பீக்கரில் சத்தமாக வரும். ஆறுமுகசாமிக்கு, அதாவது சாமியாத்தாளின் வீட்டுக்காரருக்கு, ஹுணசூரில் சென்ட்ரிங் காண்ட்ராக்ட் கிடைத்தது அவருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். இந்தத் தொண்ணூற்றாறாம் வருஷத்தில் மைசூர் என்.ஆர். மொகல்லாவில் பேப்பர் வாங்காமல் சமாளிக்கும் கிராஸ் எங்களுடையதுதான்.

ஆகவே நேற்று மத்தியானம் வந்த குரலையும் நாங்கள் கேட்டோம்.

"நான்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எதிர்ப்பக்கம் பதில் வரும் என்று காத்திருக்கிற சத்தமில்லாமை.

"சாப்புட்டாச்சா?"

மறுபடி காத்திருப்பு.

"அங்கெல்லாம் மழை உண்டா? இங்க ஒண்ணுங் காணோம்..."

பீப். கட்.

ஸ்ரீதேவி போன் பக்கத்திலேயே நின்றாள். ஹுணசூர் சைட்டிலிருந்து யாரோ மேஸ்திரி, பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு பேசுகிறான் என்று நினைத்தாள். மறுபடி அடித்தது.

"நான்தான். கட்டாயிப் போச்சாட்ட இருக்குது. சாப்புட்டாச்சான்னு கேட்டேன்... ஊட்ல எல்லாரும்..."

பீப்.

மூன்றாவது தடவை அந்தக் குரல் குசலம் விசாரிக்கவில்லை. "ஏனம்மிணி?" என்றது. ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "செரி. வெச்சர்றேன்."

பெயர் சொன்னதா? இல்லை. கூடப்பிறந்தவளுக்கு போன் பண்ணி, ‘நான் ராமாபுரம் நஞ்சுண்டசாமி பேசுகிறேன்’ என்று சொல்ல அவர் என்ன பாங்க் மேனேஜரா?

சாயங்காலம் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வந்த சாமியாத்தாள், கையில் பையோடு பட்டனை அமுக்கினாள். ‘நான்தான்’ என்ற முதல் வார்த்தைக்கே பை கீழே போயிற்று. நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் கேட்டது, இவள் பதில் சொன்னாள்.

"சாப்புட்டாச்சா?"

"சாப்புட்டேண்ணா."

"அங்கெல்லாம் மழை உண்டா?"

"இங்கயும் இல்லீண்ணா."

பீப்.

ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன். சொத்துத் தகராறு என்று தெருவில் சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு ஆறுமுகசாமி எல்லோருக்கும் அச்சடித்த கார்டைத் தபாலில் போட்டார். மச்சானுக்கும் அதே கார்டு. நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. நஞ்சுண்டசாமி அந்தக் கார்டையே இன்னொரு கவரில் போட்டுத் திருப்பி அனுப்பினார். கார்டுதான் அழைத்தது, கார்டே வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாராம். ஆறுமுகசாமி அதைப் படித்துவிட்டு, இனி அவனாக வந்து நிற்கட்டும் என்று சபதம் போட்டார். அவ்வளவுதான் சண்டை.

இப்போது பெண்ணுக்குக் கல்யாணம். அவர்கள் கொங்குப் பக்கத்து ஆட்கள். தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் மேடைக்கு அனுப்புவார்கள். பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரனுக்குச் சொல்லியாயிற்று. மாமனுக்கு மட்டும் சொல்லியாகவில்லை. அந்த மாமன்தான், வைராக்கியத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து வந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவை மெஷின் அவரை அறுத்துவிட்டது, மூன்றாவது தடவை அவரே வைத்துவிட்டார்.

இன்று காலை ஆறுமுகசாமி ஹுணசூருக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது சொன்னது இவ்வளவுதான். "போறதுன்னா போ. என்னை இழுக்காதே."

கணேஷ்குமார் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான். "அம்மா, அவசரப்படாதே. அவரே மறுபடி பண்ணுவாரு. மாமாவுக்குன்னே தமிழ்ல ஒண்ணு ரெகார்ட் பண்ணி வெச்சர்றேன். ‘மாமா, கல்யாணத்துக்கு அவசியம் வாங்க’ன்னு. எப்பக் கூப்பிட்டாலும் அதுவே சொல்லும்."

"அன்னிக்கு உங்கப்பன் அச்சுல அடிச்சாரு. இன்னிக்கு நீ டேப்புல அடிக்கறயா?"

"அப்படியில்லம்மா..."

"வெத்தலைத் தட்டை அந்த டப்பா மேல வெச்சுப்போட்டா எடுத்துக்கிட்டுப் போயிக் குடுக்குமா? நகரு. நான் போறேன்."

சாமியாத்தாள் ‘நான் போறேன்’ என்று அந்தக் குரலில் சொன்னால் போனதாகவே அர்த்தம். ஸ்டீல் டப்பாவில் மைசூர் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நஞ்சன்கூடு ரஸபாளை வாழைப்பழம் ஒரு சீப்பு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். திரும்பினால் ஸ்ரீதேவி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ எங்கடி? நிச்சயம் ஆன பொண்ணு ஊர் தாண்டக்கூடாது."

"நேத்து போன் பக்கத்துல நின்னது யாரு? நான்தானே? நான் எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். நானும் பர்த்தீனி."

இந்தப் பெண்ணுக்குப் பிடிவாதம் வந்தால் பாதி கன்னடமாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கணேஷ்குமார் கடைக்குப் போக, வீட்டைப் பூட்டி, சாவியை மாதம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள்.

டி. நரசீபுரத்தில் அவர்கள் பஸ் டீக்காக நின்றதாம். எதிர்ப்பக்கம் மைசூர் போகிற பஸ் ஒன்றும் நின்றதாம். அம்மாவும் பெண்ணும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் தாண்டி, ராமாபுரத்தில் இறங்கினார்கள். வழியெல்லாம் சாமியாத்தாள் வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழைக்கிற வார்த்தைகள்தான். ஒன்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தைகள் அல்லவா, வரிசை தப்பக்கூடாது.

நஞ்சுண்டசாமி வீட்டில் பட்டுப்பூச்சி வளர்க்கிறார்கள். வாசலில் மல்பெரி இலைக் கட்டு. உள்ளே மூங்கில் தட்டுகளில் புழுக்கள் இலை தின்கிற சத்தம், தூறல் மாதிரி. அவர் மனைவி மாரக்காள் கை நிறைய இலையோடு வெளியே வந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் இலையெல்லாம் கீழே.

"அம்மிணி! பேசு! எதாச்சும் பேசு!"

"என்னத்தைப் பேசறது நங்கையா? அண்ணன் எங்கே?" அண்ணியை அவர்கள் நங்கையா என்பார்கள்.

மாரக்காள் அவள் முகவாயைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லாத குறை. "பேசறியே! நல்லாத்தானே பேசறே!"

"எனக்கென்ன?"

"உங்கண்ணன் ராத்திரியெல்லாம் தூங்கலை அம்மிணி. மூணு தடவை போன் பண்ணினாராம். மொதல்ல எவனோ இங்கிலீசுல பேசறானாம். அப்பறம் யாரோ எடுத்துக்கிட்டு, சாப்புட்டியான்னு கேட்டாக்கூடச் சொல்லாம, சும்மா நின்னாங்களாம். ‘அவ கோவத்துல இருந்தா வஞ்சுபோட்டு வெச்சிருப்பா. சும்மா இருக்கறவளே இல்லை அவ. வாய்க்கு எதோ ஆயிப்போச்சு, மறைக்கறாங்க. இங்கிலீசுல பேசுனவன் டாக்டராத்தான் இருக்கோணும்’னு சொல்லிப்போட்டு, விடியக் காலைல மொதப் பஸ்ஸுக்கு மைசூருக்குப் போயிட்டாரு!"

கணேஷ்குமாரை டாக்டர் என்று சொன்ன ஒரே மனுஷர் அவர்தான். பி.எஸ்ஸி.யில் கோட்டை விட்ட பிள்ளை, கேட்டால் சந்தோஷப்படுவான்.

ஸ்ரீதேவிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு எங்கோ போயிற்று. சாமியாத்தாள் அழவில்லை. டப்பாவை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வீடு பூட்டியிருக்குதே. எங்கண்ணன் திரும்பிருவாரே. பூத்து எங்கே நங்கையா?"

"போன் பண்ணி என்னம்மா பிரயோஜனம்? வீட்ல யாரும் இல்லையே, மெஷின்தானே எடுக்கும்?" என்றாள் ஸ்ரீதேவி.

"எடுக்கட்டும். நம்ம ஊட்டு மெஷின் பேசறது தெருவுக்கே கேக்குது. எங்கண்ணனுக்குக் கேக்காதா?"

பாருங்கள், எங்களைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

இனி மைசூர். இதற்கு நானே சாட்சி.

நஞ்சுண்டசாமி வெயில் உச்சிக்கு ஏறுமுன்னே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. பூட்டைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே சாக்கடைமேல் போட்டிருக்கிற கல்பலகையில் உட்கார்ந்தார். மாதம்மா சாவியோடு ஓடி வந்து கன்னடத்தில் ஆரம்பித்தாள்.

"பன்னி அண்ணா, ஒளகே பன்னி. உள்ள வந்து உக்காருங்க. சாமியாத்தா உங்க ஊருக்குத்தான் போயிருக்கா."

"என்ற ஊருக்கா? அவளேவா? பேசறாளா?"

"யாரு? சாமியாத்தாளா?" மாதம்மா என்னைப் பார்த்தாள். "நிறுத்துனாத்தானே?"

அவர் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். உள்ளே வரவும் மாட்டேன் என்றார்.

"ஊட்டுக்காரங்க ‘வா’ன்னு சொல்லோணும். சொல்லாம எப்பிடி?"

"ஊட்டுக்காரங்கதான் இல்லையே!"

"வர்ற வரைக்கும் உக்காந்திருக்கறேன்."

கிராஸில் ஏழு வீட்டு வாசலிலும் ஆள் வந்துவிட்டது. காப்பி கொடுத்துப் பார்த்தோம். குடித்தார். டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். நகரவில்லை. அந்தக் குடும்பத்தின் பிடிவாதம் பெண்கள் வழியில் மட்டும் வரவில்லை என்று அப்போது தெரிந்துகொண்டோம்.

உள்ளே போன் அடித்தது.

கணேஷ்குமாரின் மூக்கடைத்த இங்கிலீஷ் ஜன்னல் வழியாக வந்ததும் நஞ்சுண்டசாமி எழுந்து நின்றார். "இந்த ஆளுதான்! நேத்தும் இவன்தான்! இங்கதான் இருக்கறானா?"

பீப்.

"அண்ணா! நான்தான்!"

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்தது சாமியாத்தாளின் குரல். தெருவே கேட்டது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பேசறா... பேச்சு வருது..." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, அவரும் கத்தினார். "அம்மிணி! சாப்புட்டியா?"

மெஷினுக்கு அந்தக் கேள்வியெல்லாம் தெரியாது. சாமியாத்தாளுக்கும் கேட்கவில்லை. ஆனால் நேற்று அண்ணன் பட்ட பாட்டிலிருந்து அவள் ஒன்று கற்றிருந்தாள். அரை நிமிஷம்தான் கொடுப்பார்கள், குசலத்துக்கு இடம் கிடையாது. ராமாபுரத்து பூத்திலிருந்து மூச்சு விடாமல் கொட்டினாள்.

"வாசல்ல உக்காந்திருப்பே, எனக்குத் தெரியும்! எனக்கு ஒண்ணும் ஆகலீண்ணா, நல்லா இருக்கறேன்! நேத்து நான் ஊட்ல இல்லை, அது மெஷினு! உள்ள வாண்ணா. நான் சொல்றேன், வா. உன்ற தங்கச்சி ஊடு. வாண்ணா உள்ள..."

பீப். கட்.

மாதம்மா பூட்டைத் திறந்தாள். நஞ்சுண்டசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார், செருப்பைக் கழற்றினார், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். நாங்களும் போனோம். அந்த நேரத்தில் வாசலில் என்ன வேலை?

மறுபடி மணி. மறுபடி மூக்கு. இந்தத் தடவை பீப் அடித்ததும் அவர் மெஷினுக்கு நேரே குனிந்து, "இருக்கறேன் அம்மிணி, உள்ள வந்துட்டேன்" என்றார். மாதம்மா தலையில் அடித்துக்கொண்டு ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"நான்தான்," என்றார்.

அந்தப் பக்கம் சாமியாத்தாளுக்கு இப்போதுதான் அழுகை வந்ததாம். ரிசீவரை வாங்கிப் பேசினது ஸ்ரீதேவி.

"மாமா, நேத்து நான் பக்கத்துலயேதான் நின்னேன். எடுக்கல. குரல் தெரியல மாமா."

"எடுக்காம என்ன பண்ணினே கண்ணு?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேட்டியல்லோ? அப்பறம் பதில் சொல்றதுக்கென்ன? சாப்புட்டாச்சா?"

"...சாப்புட்டாச்சு மாமா."

"மழை உண்டா?"

"இங்கயும் இல்ல மாமா."

அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. நேற்றிலிருந்து பாக்கி இருந்த பதில்கள் கைக்கு வந்துவிட்டன. பிறகு சாமியாத்தாள் ரிசீவரைப் பிடுங்கி, வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகளை ஆரம்பித்தாள். "அண்ணா, உன்ற மருமகளுக்கு நாளு குறிச்சிருக்குது. நீயும் நங்கையாவும்..."

"நிறுத்தம்மிணி."

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

"உள்ள வான்னு சொன்னே, வந்துட்டேன். ஊட்டுக்குள்ள வர்றதுக்கு அந்தப் பொட்டி சொன்னது போதும். கல்யாணத்துக்குப் போதாது. தட்டு எங்க இருக்குது?"

"என்ற கையிலதாண்ணா இருக்குது."

"என்ற ஊட்டு வாசல்ல, என்ற கையில குடுக்கோணும். அங்கயே இரு. சாயங்காலப் பஸ்ஸுல நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் கிளம்பிப் போடாதே."

அழைக்கப்படுவதற்காகத் தன் வீட்டுக்கே திரும்பிப் போகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்தோம். மஞ்சள் பையை எடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ற ஊட்டுக்காரரு எங்கூட வரலீண்ணா... அவரும் சேர்ந்து அழைக்கோணுமுன்னு ஒண்ணும் இல்லையல்லோ?" என்று மெதுவாகக் கேட்டாளாம் சாமியாத்தாள்.

அதற்குப் பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கிராஸ் முனையில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். எங்களுக்கெல்லாம் பழக்கமான, சைலன்ஸர் ஓட்டை விழுந்த சத்தம்.

ஹுணசூரில் வேலை பாதியில் இருக்க, ஆறுமுகசாமி ஏன் மத்தியானமே வந்தார் என்று எனக்குத் தெரியாது. என்னை இழுக்காதே என்று காலையில் சொன்னவர். வண்டியை கேட்டருகே நிறுத்தினார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். வாசற்படிக்கு வெளியே கழற்றி வைத்திருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு, கூடத்தில் மஞ்சள் பையோடு நின்ற மச்சானைப் பார்த்தார்.

நஞ்சுண்டசாமி ஓர் அடி முன்னால் வரவில்லை, ஓர் அடி பின்னால் போகவும் இல்லை. ரிசீவரை மட்டும் மாதம்மா கையில் கொடுத்தார்.

"என்னாச்சு? யாரு வந்திருக்கறது?" என்று ரிசீவருக்குள் சாமியாத்தாள் கத்துவது எங்களுக்கே கேட்டது.

மாதம்மா வயர் எட்டுகிற மட்டும் இழுத்து, ரிசீவரை அந்த இரண்டு பேரையும் பார்த்து நீட்டிப் பிடித்தாள்.

ராமாபுரத்து பூத்தில் ஸ்ரீதேவி அம்மாவின் முழங்கையைத் தொட்டாளாம். "அம்மா, மீட்டர் ஓடுது."

சாமியாத்தாள் ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்தி, இன்னொரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓடட்டும்."